காற்றில்லாத ஊரில் காற்றுப் பிடித்த பிரேக்

நாள் 1 | 08:10 | வீட்டுக் கொட்டகை, மேல்விளிம்புக் குடியிருப்பு, நிலா

பதினான்கு மாதம் பேசாமல் இருந்தாயிற்று. இனி எழுதுகிறேன். யார் கையில் கிடைக்கிறதோ அவர்கள் படிக்கட்டும்.

என் சுமைவண்டிக்கு வயது இருபத்திரண்டு. சரிவில் இறங்கும்போது பிரேக் பெடல் தரைவரை அமுங்குகிறது. பட்டறைக்கு ஐந்து முறை கொண்டுபோனேன். ஐந்து முறையும் ஒரே சீட்டு: "உள்ளே சோதிக்கப்பட்டது. பிரேக் சரியாக உள்ளது." கையெழுத்து தணிகைவேல், பட்டறைத் தலைவர். எனக்கு வரவேண்டிய நாற்காலி. கேள்வி கேட்காதவன் என்பதால் பதினான்கு மாதம் முன்பு அவனுக்குப் போனது.

இன்று நான்கு சக்கரங்களையும் கழற்றினேன். பிரேக் ஷூ பாதிகூடத் தேயவில்லை. கசிவு இல்லை.

நாள் 2 | 09:30 | கொட்டகை

ரப்பர் குழாய்களை எடுத்துவிட்டு, உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடிக் குழாய்கள் போட்டேன். மாஸ்டர் சிலிண்டரின் வாஷர்களை மாற்றினேன். பட்டறையில் வாங்கிய பிரேக் ஆயிலை ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். பெடல் கல் மாதிரி நிற்கிறது.

11:05 | வெளியே, சரிவின் தலை

மூன்று மிதி. மூன்றாவதில் பெடல் பஞ்சாக அமுங்கியது. ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தினேன்.

14:40 | கொட்டகை

மறுபடி கல். பட்டறையை அழைத்து, பிரேக்கில் காற்றுப் பிடித்திருக்கிறது என்றேன். தணிகைவேலின் பதில், பதிவிலிருந்து:

"சார், வண்டிய ஓரங்கட்டுங்க. அதுக்கும் வயசாச்சு, உங்களுக்கும் வயசாச்சு. காத்தே இல்லாத ஊர்ல பிரேக்குல காத்துப் புடிச்சிருக்குன்னு எழுதிக் குடுத்தா நான் எங்க போய் சிரிக்கிறது?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அதுவும் பதிவில் இருக்கிறது.

நாள் 3 | 07:20 | கொட்டகை

அந்தக் கேலியிலேயே விடை இருந்தது. வெளியேதான் காற்றில்லை. கொட்டகைக்குள் இருக்கிறது. பட்டறைக்குள் இருக்கிறது.

அதே ஆயிலை இரண்டு புட்டிகளில் ஊற்றினேன். ஒன்று உள்ளே. ஒன்று வெளியே, மூடி திறந்தபடி. நான்காவது நிமிடம் வெளிப்புட்டி சோடாபோலப் பொங்கியது.

திறந்து வைத்த ஆயில் அறைக்காற்றைக் குடித்து வைத்திருக்கிறது. வெளியே போனதும் கக்குகிறது. மிதித்தால் குமிழிதான் நசுங்குகிறது, சக்கரம் நிற்பதில்லை. உள்ளே வந்து சில மணி நேரத்தில் கக்கியதைத் திரும்பக் குடித்துவிடுகிறது. மருத்துவர் முன்னால் மட்டும் குணமாகிற நோய்.

10:15

பணியாளர் பஸ் ஓட்டும் ஜெசிந்தாவிடம் கேட்டேன். அவள் சொன்னது:

"முன்னெல்லாம் ஆயில வெற்றிடத் தொட்டியில ஒரு நாள் வச்சு, அதுல இருக்குற காத்த எடுத்துட்டுத்தான் ஊத்துவாங்க அண்ணே. தணிகைவேல் சார் வந்ததுலேர்ந்து நேரா டப்பாவிலேர்ந்துதான். இன்னைக்கு டிரிப் முடிஞ்சு வந்ததும் நம்ம பஸ்ஸுக்கும் மாத்தியாச்சு, அரை மணியில முடிஞ்சுது."

உள்ளே போயிருந்தால் அந்தத் தொட்டி காலியாகக் கிடப்பதைப் பார்த்திருப்பேன். ஐந்து முறையும் வண்டியை வாசலில் விட்டுத் திரும்பினேன், அவன் முகத்தில் விழிக்கக் கூடாதென்று. இதையும் எழுதிவைக்கிறேன்.

பஸ்ஸை எடுக்காதே என்றேன்.

"உங்களுக்கும் அவருக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். அந்தச் சண்டையில என் பஸ்ஸ ஏன் இழுக்குறீங்க? நாளைக்கு ஏழு மணிக்கு இருபத்தாறு பேரு ஏறுவாங்க. நீங்க வந்து தள்ளிக்கிட்டுப் போவீங்களா?"

அந்த பஸ் போகும் பனிச்சுரங்கம்வரை ஒன்பது கிலோமீட்டர் இறக்கம்.

13:30 | சரிவு

சாட்சி வேண்டும். கேமராவைக் குழாயை நோக்கிக் கட்டினேன். ஆயிலை மாற்றவில்லை. இறங்குகிறேன்.

13:52

குழாயில் குமிழி. தெளிவாக. பெடல் தரையில். ஹேண்ட் பிரேக் இழுத்தேன். கேபிள் அறுந்தது. பாறையில் திருப்பினேன்.

நின்றது. இடது மணிக்கட்டு போயிற்று. கேமரா பிழைத்தது.

நாள் 4 | 05:40 | வீடு

நேற்று நடந்தே ஏறி வந்தேன். கட்டுப் போட்டதும் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்ததும் பட்டறைக்குக் கேமராப் படத்தை அனுப்பினேன். தணிகைவேல்: "ஓட்டத் தெரியாம மோதிட்டு எங்க மேல பழி போடாதீங்க சார்." அவ்வளவுதான்.

05:55

ஊர் அறிவிப்புப் பலகைக்கு எழுதுகிறேன். ஒரு கையால்.

முதல் வரைவு நான்கு பக்கம். நாற்காலி, அதற்கான நேர்காணல், சிரித்த இரண்டு பேர், எல்லாம் உண்மை. அழித்தேன். அழிக்க எரிச்சலாக இருந்தது. மிச்சம்:

"பணியாளர் பஸ்ஸில் ஏறும் முன் ஓட்டுநரிடம் கேளுங்கள். பஸ்ஸை வெளியே சமதரையில் அரை மணி நிறுத்திவைத்து, பிறகு பெடலை மூன்று முறை மிதிக்கச் சொல்லுங்கள். அமுங்கினால் ஏறாதீர்கள். இத்துடன் படம்."

06:08

அவன் ஜெயித்ததாக நினைத்தால் நினைக்கட்டும். யார் எழுதியது என்று நானாகச் சொல்ல மாட்டேன். கீழே என் பெயர் இருந்தால் என் பகையைத்தான் படிப்பார்கள். பிரேக்கைப் படிக்க மாட்டார்கள்.

பெயர் போடாமல் அனுப்புகிறேன்.