மூன்று நிமிட நிறுத்தம்

ஜூன் 4

அன்புள்ள தலகாணிக்கு,

டிரைவர் பயிற்சியில் நீ சீட்டில் தலகாணி போட்டு உட்கார்ந்ததால் வைத்த பெயர். பதினோரு வருடமாகியும் வாயில் வேறு பெயர் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

போன மாதம் ஒரு வாரம் படுத்த படுக்கை. காய்ச்சல், இடுப்பு வலி. இந்த வருடத்தில் மூன்றாவது தடவையாகச் சிறுநீர்த் தொற்று. டாக்டரம்மா இம்முறை சிரிக்கவில்லை. "தண்ணியும் குடிக்க மாட்டீங்க, வந்தா அடக்கியும் வைப்பீங்க. கிட்னிக்கு ஏறிட்டா, பஸ் ஓட்டலாம்னு நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். எனக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேறென்ன தெரியும்? பயமாக இருக்கிறதடி.

வீராப்பாக இரண்டு லிட்டர் பாட்டில் வாங்கினேன். எத்தனை மணிக்கு எவ்வளவு என்று அதில் கோடு போட்டிருக்கும். கோடு தவறாமல் குடித்தேன். என் ரூட் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டேகால் மணி நேரம். பாதி வழியில் ஒரு சிக்னலில் அழுதேவிட்டேன். இப்போது அந்தப் பாட்டிலில் மணி பிளான்ட் வளர்கிறது.

உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். நீ மாற்றலாகிப் போவதற்கு முன் ஒருநாள் உன் பஸ்ஸில் வந்தேன். நிரம்பி வழிந்த பஸ்ஸைப் பெட்ரோல் பங்க் ஓரம் கட்டிவிட்டு, "மூணு நிமிஷம் பொறுங்க, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்றாய். அத்தனை பேர் முன்னால்! எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. உன் துணிச்சலில் கால்வாசி எனக்கு இருந்தால் போதும்.

உன்,
நெட்டை

ஜூன் 15

என் நெட்டைக்கு,

கடிதம் படித்து முதலில் உன்னைத் திட்டினேன், பிறகு எனக்கும் அழுகை வந்தது. இரண்டு லிட்டரையும் முதல் நாளே முடிக்கச் சொன்னாரா டாக்டர்? கிளம்பும் முன் ஒரு டம்ளர், மறுமுனையில் ஒரு டம்ளர் என்று ஆரம்பி. வழியில் ஒரு பங்க் பார்த்துவை. அவசரமில்லாத நாளில் போய் அங்கிருப்பவர்களிடம் முகத்தைக் காட்டிவிட்டு வா. பயணிகளிடம் மன்னிப்பெல்லாம் கேட்காதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதமாக எனக்குப் புது ரூட். எல்லாம் ஆபீஸ் கூட்டம், ஒரு நிமிடம் நின்றால் வாட்சைப் பார்க்கிறார்கள். முதல் வாரம் 'மூணு நிமிஷம் பொறுங்க' என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அதிலிருந்து காலையில் அரை கிளாஸ் டீதான், மத்தியானம் வரை வேறொன்றும் இல்லை. நீ மெச்சிக்கொள்கிற ஆள் இப்போது நான் இல்லை. அதைப் படித்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தலகாணி

ஜூலை 9

அன்புத் தலகாணிக்கு,

மூன்று வாரம் டம்ளர் தவறவில்லை. நேற்று வழியில் தாங்கவில்லை, பங்க் ஓரம் நிறுத்தினேன். எழுந்து திரும்பினால் ஐம்பது முகம். நீ சொன்னதையே சொன்னேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்சீட்டு அம்மா என்ன என்று கேட்டார். மறுபடியும், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லவேண்டியதாகிவிட்டது.

அந்த அம்மா பையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். "நானும் வர்றேம்மா. ஏறுனதுலேருந்து அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்." அவர் பின்னால் ஒரு கர்ப்பிணி, இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரு பெரியவர். பங்க்கில் வரிசையில் நின்றோம், என்னை முதலில் விட்டார்கள். மூன்று நிமிடம் பதினொன்றாகிவிட்டது.

டிப்போவில் மெமோ தயாராக இருந்தது. தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். டிராஃபிக் என்று எழுதிவிடு, யாரும் துருவ மாட்டார்கள் என்றார் டைம்கீப்பர், நல்லெண்ணத்தில்தான். எழுதியும்விட்டேன். அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. உன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவளிடமே உள்ளதை உள்ளபடி சொன்னாயே, பஸ்ஸை நிறுத்துவதைவிட அதுதானடி பெரிய துணிச்சல். டிராஃபிக்கை அடித்துவிட்டு, 'ஓட்டுநரும் பயணிகள் ஐந்து பேரும் கழிப்பறைக்குப் போனோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டைம்கீப்பர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இதை எப்படிம்மா மேல அனுப்பறது?" என்றார். அப்படியே அனுப்பச் சொன்னேன். மேலே என்ன சொல்வார்களோ, பார்த்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. காலையில் உன் முதல் டிரிப்பில் ஏறுகிறேன். கிளம்பும் முன் ஒரு டம்ளர் குடித்துவிடு. எங்கே தோன்றுகிறதோ அங்கே நிறுத்திச் சொல். யார் வாட்சைப் பார்த்தாலும் பார்க்கட்டும், முதலில் எழுந்து உன் பின்னால் வருகிற பயணி நான்.

உன்,
நெட்டை