தூணுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல்

என் நகக்கண்ணில் இன்னும் சிமெண்ட் இருக்கிறது. காலையிலிருந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். காப்பித் தம்ளரைத் தூக்கினால் அந்த ஈரச் சிமெண்ட் வாசனைதான் முதலில் வருகிறது. கான்வெண்டில் படித்த ஒருத்தி, எழுபத்தெட்டு வயதில், தோட்டத்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கரண்டிக் காம்பால் சிமெண்ட் தோண்டினாள் என்றால், அதற்குக் காரணம் நீதான். ஆகவே உனக்கே எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது என்பது தெரியாமல் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் உன் பதினோராவது மாடி வீட்டில் தொலைநோக்கியை வைக்க ஒரு சாண் இடம் கிடையாது. சனிக்கிழமைதோறும் அதைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறிக் கிள்ளானுக்கு வருவாய். என் தோட்டத்தில்தான் மறைப்பில்லாத வானம் இருந்தது. அந்த மூன்று கால் தாங்கியைப் போல ஒரு கேவலமான சாமானை நான் பார்த்ததில்லை. கொசு உட்கார்ந்தாலும் ஆடும். நிலாவைக் காட்டினாய், எண்ணெயில் பொரியும் அப்பளம்போல நெளிந்தது. இதைப் பார்க்கவா ரயிலேறி வந்தாய் என்று கேட்டேன்.

"ஒரு தூண் நட்டுருவோம் தெரேசா. மரத்துல. யான வந்து முட்டினாலும் ஆடக்கூடாது," என்றாய்.

தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய கட்டைகள் இரண்டை எங்கிருந்தோ வாங்கி வந்தாய். இறக்கிவைத்த லோரிக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் ஆன்டி, ரெண்டு பேரும் சேந்து ரயில் விடப் போறீங்களா?"

"ஆமா. டிக்கெட் வேணுமா?" என்றாய். அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

நீ தோண்டிய குழி உன் கையெழுத்தைப் போலவே கோணல். நம் ஊர்க் களிமண் வேறு. மூன்றடி போவதற்குள் பாதிக் குழி தண்ணீர். இரண்டு கட்டைகளையும் நீண்ட போல்ட்டுகளால் இறுக்கி ஒன்றாக்கி, நிமிர்த்தி, அடியில் கலவை கொட்டினோம். சாவியைக் கட்டிய நூலைத் தொங்கவிட்டுப் பார்த்து, சாய்ந்திருக்கிறது என்று இரண்டு முறை உன்னை மறுபடி நிமிர்த்த வைத்தேன். இருபது வருடம் பள்ளி அறிவியல் கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு ஒரு தூணை நேராக நிறுத்தத் தெரியவில்லையே என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் சொல்லவும் செய்தேன்.

சுற்றிலும் செங்கல் தளம் போட்டபோது, தூணைத் தொடாமல் விரல் அகலத்துக்கு இடைவெளி விடச் சொன்னாய். நாம் தளத்தில் நடக்கும் அதிர்வு தூணுக்குப் போகக்கூடாதாம். பிறகு ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரைத் தூணின் உச்சியில் வைத்துவிட்டு, அந்த வயதில், சுற்றிச் சுற்றிக் குதித்தாய். தண்ணீர் அசையவில்லை. வெட்கமே இல்லாத மனுஷி.

அந்த இடைவெளியில் இலை விழுந்தது, நத்தை ஏறியது, மழைநீர் தேங்கியது. என் வீட்டில் அழுக்கு அடைவதற்கென்று ஒரு பள்ளம் இருப்பதா? நீ இல்லாத ஒரு புதன்கிழமை, அதைச் சிமெண்ட் வைத்து வழவழவென்று பூசிவிட்டேன். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் நீ சனிக் கிரகத்தைப் பிடித்தாய். நான் உனக்குத் தேநீர் எடுத்துவந்தேன். கண்ணை எடுக்காமலே சொன்னாய்.

"நீ நடந்தா சனி ஆடுது தெரேசா. ஒண்ணு, நீ நடக்காம இரு. இல்ல, அந்தச் சிமெண்ட எடுக்கணும்."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அடுத்த வாரம் உளியோடு வந்து, காலை முழுவதும் தரையில் உட்கார்ந்து கொத்தினாய். முழங்கையில் தோல் உரிந்தது. நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய சொல் எனக்குத் தெரியும். தேநீரில் ஒரு கரண்டிச் சர்க்கரை கூடப் போட்டேன், அவ்வளவுதான். போகும்போது உளியை என் கொட்டகையில் ஓர் ஆணியில் மாட்டினாய். "இங்கயே இருக்கட்டும்லா. உன்ன நம்ப முடியாது."

அன்று சாயங்காலம் சனி வளையத்தோடு அசையாமல் நின்றது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்லை," என்றேன்.

நீ கண்ணை மூடியதும் உன் அண்ணன் மகன் வந்தான். தொலைநோக்கியைக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, "இந்தக் கட்டைய நீங்களே வச்சுக்குங்க ஆன்டி," என்று தாராளமாகச் சொன்னான். மூன்றடி ஆழத்தில் கலவையில் நிற்பதை வேறு எப்படிக் கொண்டுபோவானாம்?

என் மகன் அதைவிடப் பெரிய அறிவாளி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வந்துபோகிறவனுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம். தூணை வெட்டித் தோட்டத்துக்குச் சிமெண்ட் போட வேண்டுமாம். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். "டெலஸ்கோப்பே இல்ல, அப்புறம் என்னாத்துக்கு மா கட்ட?" என்றான். அவன் அப்பா போன பிறகு வீடு அவன் பெயரில். மூன்றாவது முறை கெஞ்ச எனக்கு முதுகு வளையவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் அனுப்பிய கண்ட்ராக்டர், பக்கத்து ஊரான ஜெஞ்சாரோம்காரர், மரம் அறுக்கும் மெஷினோடு வந்து நின்றார். தூணைப் பார்த்தார். உச்சியில் என் தண்ணீர்த் தம்ளர். நீ போன பிறகும் சனிக்கிழமைதோறும் வைப்பதுதான், அன்று ஒரு நாள் முன்னதாக வைத்திருந்தேன். பக்கத்தில் உதிர்ந்த ஒரு செம்பருத்தி. தூணருகே நான் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறேன். மெல்ல நடக்க நீ பழக்கிவிட்ட கேடு. அவர் மெஷினைக் கீழே வைத்தார்.

"ஆன்டி, இது முனியா?"

நீ ஒரு பொய் சொன்னதற்காக ஏழாம் வகுப்பில் உன்னோடு பேசாமல் இருந்தவள் நான்.

"ஆமாம்," என்றேன்.

அரை மணியில் மகன் போனில் கத்தினான். "சாமின்னு சொன்னீங்களா? நாம வேதக்காரங்க மா!"

"அது உனக்கு இன்றைக்குத்தான் ஞாபகம் வந்ததா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். அவன் கோவிலுக்கு வந்து எத்தனை வருடம் ஆகிறது என்பது பங்குச்சாமிக்கே தெரியும்.

பொய்க்குக் கூலி மறுநாளே கிடைத்தது. பல் வைத்தியரிடம் போய்விட்டு வந்து பார்த்தால், தூணைச் சுற்றி அழகான பீடம், இரண்டு படி வைத்து. மேல்படியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். உன் இடைவெளி முழுவதும் கலவை. கண்ட்ராக்டர் கைகட்டி நின்றார். "காசு வேணாம் ஆன்டி. இது நம்ம செலவு."

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வேலை சுத்தம், மட்டம் பிசகவில்லை. அவராவது எதற்காவது பயந்தார். நான் பெற்றதற்கும் உன் அண்ணன் பெற்றதற்கும் அதுகூட இல்லை. அவர் லோரி தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்து, கரண்டியோடு உட்கார்ந்தேன். கரண்டிக் காம்பு வளைந்ததும் கொட்டகைக்குப் போய் உன் உளியை எடுத்தேன். பீடம் இருந்துவிட்டுப் போகட்டும், தூணைத் தொடக்கூடாது. பொழுது சாய்வதற்குள் நாலு பக்கமும் விரல் நுழைந்தது. முழங்கையில் தோல் உரிந்தது, நீ உரித்துக்கொண்ட அதே இடத்தில்.

நேற்று மகன் வந்தான். சண்டை போட வந்தவன், என் முழங்கையில் சுற்றிய துணியைப் பார்த்ததும் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி உச்சியில் வைத்தேன்.

"குதி," என்றேன்.

"அம்மா?"

"உன் எடைக்கு இது ஒன்றாவது பிரயோசனப்படட்டும். குதி."

குதித்தான். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. தண்ணீர் விளிம்பில் அப்படியே நின்றது. குனிந்து பார்த்தான், மறுபடி குதித்தான், மறுபடி பார்த்தான். கார் தெருவிலேயே நிற்கட்டும் என்று அவனாகச் சொன்னான்.

முனி என்று சொன்ன பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். இன்னொன்று சாமியாரிடம் சொல்லவேண்டியதில்லை, உன்னிடம் சொல்லவேண்டியது. உன் உளியைத் துடைத்து, அதே ஆணியில் மாட்டிவிட்டேன். அந்தப் புதன்கிழமை நான் சிமெண்ட் பூசியது தப்பு.

ஒருமுறைதான் சொல்வேன்.