நீ திறக்காமல் விட்ட முஸ்கதே போத்தல்

லா ஷப்பல், பாரிஸ்
மாசி 1989

என் அருமை மச்சான் குணம்,

நலமா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் தொடங்கிப் பழக்கம். செத்துப்போன உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? அதனால் நேரே சண்டைக்கு வருகிறேன். அந்த வைன் போத்தலைப் பற்றி ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போனாய்?

உன் மனிசியும் மகளும் கார்த்திகையில் வந்து சேர்ந்துவிட்டார்கள். பாரிசுக்கு வெளியே கார்ஜ் என்ற ஊரில், மனிசியின் சித்தி வீட்டில் இருக்கிறார்கள். நீ கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியும் அவர்களுக்குக் கிடைக்காத விசாப் பேப்பர், நீ போய் நாலாம் வருடம் கிடைக்கிறது. யாரைப் பிடித்துத் திட்டுவது, சொல்லு பார்ப்போம். உன் மனிசி எனக்குத் தங்கச்சி, உன் மகள் என்னை மாமா என்கிறாள். உன்னைப் போலவே எல்லாவற்றுக்கும் மூக்கைச் சுளிக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் திவசம். உன் படம் என் அறையில்தானே இருக்கிறது, அங்கேயே படைத்தோம். உனக்குப் பிடித்ததெல்லாம் தங்கச்சி சமைத்து வைத்தாள். நான் பெருமையோடு அந்த முஸ்கதே வைனைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது உன்ர மனுசன் உனக்கெண்டு வைச்சது தங்கச்சி" என்றும் சொன்னேன்.

நோந்த் நகரப் பக்கம் நீ திராட்சை வெட்டப் போன கதையை அவளுக்கு முழுதாகச் சொன்னேன். ஊரில் பந்தல் போட்டுத் திராட்சை வளர்த்த வீட்டுப் பிள்ளை நீ. அங்கே கொடியெல்லாம் முழங்கால் உயரத்தில் நிற்கிறதைப் பார்த்து, "இதென்னடா, கத்தரிக்கண்டு மாதிரி நிக்குது" என்றாயாம். தோட்டக்கார மதாமிடம் போய்ப் பந்தல் போடச் சொல்லிப் புத்தி வேறு சொன்னாய். அன்றிலிருந்து அவள் உன்னைப் பந்தல்காரர் என்றே கூப்பிட்டாள். சந்தைக்குக் கொண்டுபோகிற பழம் போல ஒவ்வொரு குலையையும் தாங்கித் தாங்கி வைத்தாய். மற்றவர்கள் மூன்று கூடை நிரப்ப, நீ ஒன்று. கசக்கப் போகிற பழத்துக்கு ஏன் இந்தக் கொஞ்சல் என்று மதாம் கத்தினாளாம். இந்த இடத்தில் தங்கச்சி சிரித்தாள் மச்சான். வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வசந்தத்தில் மதாம் கூப்பிட்டு, நீ வெட்டின பழத்தின் வைன் என்று ஒரு போத்தல் தந்தாள். அங்கே ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வந்து ஒரு கிழமை என் காதைத் தின்றாய். "துளி இனிப்பில்லை மச்சான். பச்சை அப்பிளிலை உப்புத் தடவிக் கடிச்ச மாதிரி. பல்லுக் கூசும், ஆனா அடுத்த மிடறு கேக்கும். கடல் காத்து அந்தத் தோட்டம் வரைக்கும் வருதடா." சரி, திற என்றேன். "கை வைச்சியெண்டால் முறிப்பன். அவ வந்தாப்பிறகுதான்" என்றாய்.

அந்த மாரிக் குளிரில் உனக்கு ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் நீ இல்லை.

நான் காத்தேன் மச்சான். இரண்டு அறை மாறினேன், இரண்டு தரமும் சாரத்தில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுபோனேன். வாயூறி வந்தவர்களோடு சண்டை பிடித்தேன். பழசாகப் பழசாக மதிப்புக் கூடும் என்று நினைத்து, சூடாக்கிக்கு மேலே உள்ள தட்டில், உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, வெள்ளிக்கிழமைகளில் விளக்கும் கொளுத்தினேன். எனக்கென்ன தெரியும்? நான் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிறவன்.

திறந்தால் தேத்தண்ணி நிறம். தங்கச்சி ஒரு வாய் வைத்தாள். அதை விழுங்கியும் விட்டாள், பாவி. "அண்ணை, இது புளிச்ச வினாகிரி" என்றாள் மெல்ல. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. ஒன்றே ஒன்றைத்தான் என்னிடம் விட்டுப்போனாய். அதையும் கெடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் கார் து நோர் ரயில் நிலையத்தில் தெலிபோன் கூண்டுக்குள் நின்று, லேபிளில் இருந்த நம்பருக்கு அடித்தேன். என் அரைகுறைப் பிரெஞ்சில் உன்னைச் சொன்னதும் மதாம், "பந்தல்காரரா!" என்றாள். நீ இல்லை என்றேன். பிறகு போத்தலைச் சொன்னேன். ஐயோ, கத்தினாள். "ஐந்து வருடமா? அதுவும் சூட்டிலா? இது இளசாக, குளிராகக் குடிக்கிற வைன். அடுத்த கோடைக்குள் குடித்துவிடு என்று அவருக்கு நானே சொன்னேன். அதற்குள் மனைவி வந்துவிடுவாள் என்று சிரித்தார்."

அப்படியென்றால் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வைத்தாய். காய்ச்சலில் கிடந்தபோதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? நம்பிக்கையாடா அது, இல்லை விசரா?

தங்கச்சியிடம் மறைக்க மனம் வரவில்லை. கேட்டுவிட்டு, "ஒரு வருசத்துக்குள்ளை வந்திடுவன் எண்டே நினைச்சவர்?" என்றாள். திவசத்தன்று அழாதவள், அப்போது அழுதாள்.

மதாம் இந்த வருடத்து வைனைச் சித்திரையில் போத்தலில் அடைக்கிறாளாம், வரச் சொன்னாள். மூன்று பேரும் போகிறோம். அங்கேயே, தோட்டத்தில் நின்றே திறப்போம். உன் பங்கை நீ கத்தரிக்கண்டு என்று சொன்ன கொடியின் அடியில் ஊற்றுவேன். மிச்சத்தை நானும் தங்கச்சியும் அன்றைக்கே குடித்து முடிப்போம். இது சத்தியம். வெறும் போத்தல்கூட இந்த அறைக்குத் திரும்பி வராது.

இனி எதையும் எடுத்து வைக்காத
உன் மச்சான்,
ராசன்