அறுபத்தொன்று சதவீதத்தில் நின்ற அம்மாவுக்கு

சொன்ன இடத்தில் நிற்காமல் ஆறு சதவீதம் தாண்டிப்போன என் அம்மாவுக்கு,

நீ போய் மூன்று மாதம் முடிந்து நான்காவது நடக்கிறது. கள்ளக்குறிச்சியில் நல்ல மழை. தண்ணீர் மோட்டார் ஒருமுறை நின்று மறுபடி ஓடுகிறது. உன் செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது. எடுத்து வைக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், எடுக்கவில்லை.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் ஒரு சேதியை உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியவில்லை. கொலையாளி யார் என்று தெரிந்துவிட்டது அம்மா. அவசரப்படாதே, வரிசையாகத்தான் சொல்வேன். இதை வேறு சிலரும் படிப்பார்கள். அவர்களுக்குக் கதை புரிய வேண்டாமா?

ஊருக்கெல்லாம் நீ நர்ஸம்மா. கல்வராயன் மலையில் முப்பது வருடத்துக்கு மேல் பிரசவம் பார்த்தவள். மலைக்குப் போகும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில், எல்லோரும் வாந்திக்குப் புளிப்பு மிட்டாய் சப்பிக்கொண்டிருக்கும்போது நீ மட்டும் துப்பறியும் மாத நாவல் படித்துக்கொண்டிருப்பாய். அந்த பஸ்ஸின் கண்டக்டர் தங்கவேல் மாமா நீ முடித்ததை வாங்கிப் படிப்பார். மலையில் இறங்கியதும் அது வனத்துறை வாட்சர் சடையன் மாமாவிடம் போகும். பிறகு வெள்ளிமலைப் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த மல்லிகா டீச்சரிடம். ஒரே நாவலை நான்கு பேர் படித்து, அட்டை கிழிந்துதான் அது ஓயும்.

நால்வரும் ஓய்வு பெற்றீர்கள். நால்வருக்கும் கண்ணும் ஓய்வு கேட்டது. புரை எடுத்த பிறகும் அந்தப் பொடி எழுத்து உனக்குப் பிடிபடவில்லை. அப்போதுதான் கண்டக்டர் மாமாவின் மகன் சென்னையிலிருந்து அந்த மின்நூல் கருவியைக் கொண்டுவந்தான். எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். நீங்கள் அதற்கு ஸ்லேட்டு என்று பெயர் வைத்தீர்கள். ஒரு மாதத்துக்குள் நான்கு பேரிடமும் ஸ்லேட்டு.

நான் முகம் சுளித்தேன். காகிதத்தின் வாசனை இதில் வருமா என்று கேட்டேன். "வாசனை வேணும்னா ஊதுவத்தி கொளுத்திக்கோ. எனக்கு எழுத்து தெரிஞ்சாப் போதும்" என்றாய். பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

நான் வாயைத் திறந்தது இன்னொரு விஷயத்துக்கு. நான்கு ஸ்லேட்டையும் உன் ஒருத்தியின் கணக்கிலேயே சேர்த்துவிட்டாய். ஆளுக்கு ஒரு கணக்கு வேண்டும், இல்லாவிட்டால் குழப்பம் வரும் என்று சொன்னேன். "ஒரே குடும்பத்துக்கு எத்தன ரேஷன் கார்டு கேக்கற நீ?" என்றாய். குழப்பம் வந்தது. நம் வீட்டு வைஃபையில் சேர்ந்ததும் ஸ்லேட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. மல்லிகா டீச்சர் வேகமாகப் படித்துக்கொண்டு போனால் மற்ற மூவரின் ஸ்லேட்டும், 'எண்பது சதவீதம் வரை படித்தாகிவிட்டது, அங்கே போகலாமா?' என்று கேட்கும். கை தவறி 'சரி' என்று தொட்டால் நேரே பிணத்தின் பக்கத்திலிருந்து போலீஸ் ஜீப்புக்குள் போய் விழுவீர்கள்.

அதற்குத்தான் கண்டக்டர் மாமா ஸ்டேஜ் முறையைக் கொண்டுவந்தார். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நம் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூட வேண்டும். அடுத்த ஸ்டேஜ் எது என்று அவர் அறிவிப்பார். அதைத் தாண்டிப் படித்தவர் எல்லோருக்கும் போண்டா போட வேண்டும். பாதிக் கதையில் ஆளுக்கொரு சீட்டில் கொலையாளி பெயரை எழுதி, ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் காலி ஊறுகாய் பாட்டிலில் போட வேண்டும். நான்கு வருடம் இது நடந்தது. நான் பக்கத்து அறையில் கெமிஸ்ட்ரி விடைத்தாள் திருத்திக்கொண்டு, சிரிப்புச் சத்தம் அதிகமானால் கதவைச் சாத்துவேன்.

நீ எல்லாச் சீட்டிலும் டாக்டர் என்றே எழுதுவாய். கதையில் டாக்டர் ஒரே பக்கம் வந்துபோனாலும் அவர்தான் கொலைகாரர். நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அது சரியாக வரவில்லை. கடைசி நாவலில், சினிமா தியேட்டர் முதலாளி டிக்கெட் அறையில் செத்துக் கிடந்தாரே, அதற்குச் சீட்டு எழுதிய அன்று கண்டக்டர் மாமா கெஞ்சியது எனக்குக்கூடக் கேட்டது.

"நர்ஸம்மா, இந்த ஒருவாட்டி டாக்டர வுட்டுடுங்க. பாவம், அந்தாளுக்குப் புள்ளக்குட்டி இருக்குது."

"யோசிக்கிறேன் தங்கவேலு" என்றாய்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீ போய்விட்டாய். ஸ்லேட்டு மடியில் இருந்தது. நான் அதை மூடி அலமாரியில் வைத்தேன்.

உன் கருமாதி அன்று மல்லிகா டீச்சர் ஒரு மூலையில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தன் ஸ்லேட்டைத் திறந்தார். அது நம் வைஃபையைப் பிடித்துக்கொண்டு, 'அறுபத்தொன்று சதவீதம் வரை படித்தாகிவிட்டது, அங்கே போகலாமா?' என்று கேட்டது. கண்டக்டர் மாமா அறிவித்திருந்த ஸ்டேஜ் ஐம்பத்தைந்து.

"அடிப்பாவி, ஸ்டேஜத் தாண்டியிருக்கா பாருடி உங்கம்மா! போண்டா போடாமலே போய்ட்டாளே!" என்று டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றோடு நாவல் நின்றுபோனது. டீச்சரும் கண்டக்டர் மாமாவும் அறுபத்தொன்று வரை படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். ஒருவர் அறுபத்திரண்டுக்குப் போனாலும் ஸ்லேட்டுகளுக்கு நீ நின்ற இடம் மறந்துவிடும். அந்த எண் போய்விட்டால் உன் கடைசித் தடமும் போய்விடும் என்று அவர்களுக்கு நினைப்பு. மூன்று இரண்டாவது சனிக்கிழமைகள் வந்து போயின. யாரும் கூடவில்லை.

நான் அறிவாளித்தனமாக வழி சொன்னேன். வைஃபையை அணைத்துவிட்டுப் படியுங்கள், அம்மா நின்ற இடம் அப்படியே இருக்கும் என்றேன். கண்டக்டர் மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"திருட்டுத்தனமா படிக்கச் சொல்றியாம்மா? பாசஞ்சர் கீழ நிக்கச்சொல்ல எப்பிடி விசில் குடுக்கறது?"

"அது வெறும் ஒரு எண் மாமா."

"சரி. அப்ப நீயே திருப்பு. நர்ஸம்மா ஸ்லேட்டு உங்கிட்டதான இருக்குது. நீ திருப்புனா நாங்க வர்றோம்."

அன்று மாலை அலமாரியிலிருந்து உன் ஸ்லேட்டை எடுத்தேன். திறந்தேன். ஒரு பக்கத்துக்கு ஆறே வரி. நீ வைத்திருந்த எழுத்து அவ்வளவு பெரிது. டாக்டர் மறுபடியும் ஒரு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதோடு பக்கம் முடிகிறது. வெறும் எண்தான், எனக்குத் தெரியும். தெரிந்தும் கட்டைவிரல் நகரவில்லை. திரும்ப மூடி வைத்துவிட்டேன். இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

சடையன் மாமாவைப் பற்றித்தான் எனக்குக் குழப்பமாக இருந்தது. உன் சாவுக்கும் வந்தார், கருமாதிக்கும் வந்தார். இரண்டு தடவையும் ஸ்லேட்டைக் கொண்டுவரவில்லை. பேசாமல் இருந்துவிட்டு முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். போன மாதம் கல்லூரி முகாம் ஒன்றுக்காக வெள்ளிமலை போனேன். முகாம் முடிந்ததும் ஒரு ஜீப்பில் ஏறி அவர் ஊருக்குப் போய்விட்டேன். அங்கே டவர் கிடையாது. போனை எடுத்தால் மணி பார்க்கலாம், அவ்வளவுதான்.

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"வா பாப்பா. இன்னா இவ்ளோ தூரம்?"

"ஸ்லேட்டு எங்கே மாமா?" என்றேன்.

அவர் உள்ளே போனார். சாமை கொட்டி வைத்திருந்த பானைக்குள் கையை விட்டு ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். டப்பாவுக்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் துண்டு, துண்டுக்குள் ஸ்லேட்டு.

"நாலு நாளு உடாத மழ பாப்பா. வெளிய கால் வெக்க முடியல. படிச்சிக்கினே இருந்தேன், முடிஞ்சிபோச்சி. சரி, நர்ஸம்மாகிட்ட திட்டு வாங்கிக்கலாம், போண்டாவுக்கு ஒரு படி கடலமாவு வாங்கிக்கினு போலாம்னு வெள்ளிமலைக்குப் போனேன். டீக்கடயிலதான் சேதி சொன்னாங்க." கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே மடித்துக்கொண்டிருந்தார். "இத எடுத்துக்கினு உங்க வூட்டுக்கு வந்தா நேரா நூறு காட்டிடும். அம்மா நின்ன எடம் தொலஞ்சிடும். அதான் உள்ள போட்டு வச்சிட்டேன்."

மூன்று மாதமாகக் கொலையாளி யார் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்!

"யார் மாமா?" என்று கேட்டுவிட்டேன். நான் அந்த நாவலில் ஒரு பக்கம்கூடப் படித்தவள் இல்லை. எனக்கு ஏன் தெரிய வேண்டும்?

"சொல்ல மாட்டேன். வவுத்துல வச்சிக்கினு நா படற பாடு எனக்குத்தான் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன். நீ பக்கத்தத் திருப்பு, நா வர்றேன்."

திரும்பி வரும்போது, வளைவுகளில் பஸ் சாயச் சாய, ஒன்று தோன்றியது. நீ ஸ்டேஜைத் தாண்டியவள். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காதவள். உன்னை அறுபத்தொன்றில் நிறுத்தி வைத்தால் உனக்குப் பிடிக்குமா? கேட்டுப் பார்க்கிறேன், நீ சொல்ல மாட்டாய்.

போன இரண்டாவது சனிக்கிழமை மூவரையும் வரச் சொன்னேன். சடையன் மாமா டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கமாக உட்கார்ந்தார். மல்லிகா டீச்சர் ஊறுகாய் பாட்டிலை நடுவில் வைத்தார். நான் உன் நாற்காலியில் உட்காரவில்லை, பக்கத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். மூக்குக்கண்ணாடியைத் தேடினேன், பிறகுதான் அது தேவையில்லை என்று தெரிந்தது. மருந்துச் சீட்டுப் பக்கத்தைச் சத்தமாகப் படித்து முடித்தேன். கட்டைவிரல் மறுபடியும் நின்றது.

கண்டக்டர் மாமா மெதுவாக, பஸ் நிறைந்த பிறகு சொல்வதுபோல், "ரை...ட்" என்றார்.

திருப்பினேன். அறுபத்திரண்டு.

இரண்டு மணிக்கு ஆரம்பித்தது, விளக்கு வைக்கும் நேரத்தில் முடிந்தது. நடுவில் இரண்டு தடவை டீ. தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவன்மேல் சந்தேகம் திரும்பியபோது கண்டக்டர் மாமா, "அவன் செஞ்சிருக்க மாட்டான், நம்ம டிபார்ட்மெண்டு" என்று கோபித்துக்கொண்டார். சடையன் மாமா தோள்துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார். முதலாளியின் மனைவி அழும் இடத்தில் டீச்சர், "பாரு, நடிக்கறா" என்றதும் சடையன் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் பாசாங்கு செய்தார்.

தொண்ணூற்றாறாவது சதவீதத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் தோளில் கை வைக்கிறார். அந்தப் பெயரைப் படித்துவிட்டு நான் நிறுத்தினேன்.

டாக்டர், அம்மா.

எல்லோரும் ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தார்கள். மல்லிகா டீச்சர் முணுமுணுத்தார்: "ஏன்யா தங்கவேலு, நீ சொன்னியேன்னு மாத்தி எழுதியிருந்தாள்னா?"

கண்டக்டர் மாமாவின் முகம் செத்துப்போனது. "யோசிக்கிறேன்னுதான டீச்சர் சொன்னாங்க" என்றார்.

பாட்டிலைக் கவிழ்த்தேன். உன் சீட்டை எடுத்தேன். பிரசவ ரிஜிஸ்டரில் எழுதுவாயே, அதே கையெழுத்து. "டாக்டர்தான். அவன் எழுதின மருந்துச் சீட்டில் எல்லா எழுத்தும் புரிகிறதாம். இத்தனை வருஷ சர்வீஸில் அப்படி ஒரு டாக்டரை நான் பார்த்ததில்லை. இவன் டாக்டரே இல்லை."

அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சடையன் மாமா துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுற்றினார். "மூணு மாசம்! மூணு மாசமா நர்ஸம்மா ஜெயிச்சதத் தெரிஞ்சிக்கினு நா ஒத்த ஆளா உக்காந்திருந்தேன்!" என்றார். டப்பாவைத் திறந்தார். அவருடைய ஸ்லேட்டு நம் வைஃபையைப் பிடித்தது. எல்லா ஸ்லேட்டும் நூறு காட்டின. யாருக்கும் எதுவும் தொலைந்ததாகத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆள் சரி, காரணம் தப்பு. அவன் நிஜமான டாக்டர்தான். கொலை சொத்துக்காக. என் மாணவி எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பேன். இதைச் சொன்னதும் மல்லிகா டீச்சர் என்னை அடிக்க வந்தார்.

அன்றைய போண்டாவை நான்தான் போட்டேன், உன் ஆறு சதவீதத்துக்காக. உப்புக் கம்மி என்றார்கள். ஒன்றும் மிஞ்சவில்லை.

புது நாவல் ஆரம்பித்துவிட்டோம். 'ஆரம்பித்துவிட்டோம்' என்று நானே எழுதுகிறேன், பார். நான்காவது ஸ்லேட்டு இப்போது என்னிடம். எழுத்தின் அளவை நான் குறைக்கவில்லை. வீட்டில் விடைத்தாள் கட்டு அப்படியே கிடக்கிறது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அம்மா. ஒவ்வொரு நாவலுக்கும் பாட்டிலில் ஐந்து சீட்டு விழும். ஐந்தாவது உன்னுடையது, அதை நான் எழுதுவேன். டாக்டர் என்றுதான் எழுதுவேன், யார் கெஞ்சினாலும் மாற்ற மாட்டேன். இந்த நாவலுக்கும் எழுதிப் போட்டாயிற்று. இது ஒரு மீன்பிடிப் படகில் நடக்கிற கதை, பாதி வரை டாக்டர் என்று ஒருவர் வரவே இல்லை என்று அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன்.

"வருவாம்மா" என்றார் கண்டக்டர் மாமா. "எழுபதாவது ஸ்டேஜுல ஏறுவான் பாரு."

ஸ்டேஜைத் தாண்டாமல் காத்திருக்கும்,
உன் மகள்
பூங்கொடி