புன்னகை வாரமும் அனுஷியாவும்

வெள்ளவத்தை

அன்பு மகன் லவனுக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மருமகளும் சின்னவளும் மெல்பேர்ண் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் கதைத்தால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்போது எல்லோரும் சிரிக்க வேண்டுமாம். அதிபர் ஸ்ரீஸ்கந்தராசா ஏதோ ஹோட்டலில் நடந்த செயலமர்வுக்குப் போய், புபே சாப்பிட்டுவிட்டு, "பொசிட்டிவ் கல்ச்சர்" என்று ஒன்றைக் கொண்டுவந்தார். உடனே ஒரு குழு, அதற்குச் செயலாளராக யோகேஸ்வரி டீச்சர், பிறகு புன்னகை வாரம். காலையில் ஆசிரியர்கள் வாசலில் வரிசையாக நின்று பிள்ளைகளைச் சிரித்து வரவேற்க வேண்டும். கணிதம் படிப்பிக்கிற நான் சிரித்ததைப் பார்த்து ஒரு சின்னப் பிள்ளை பயந்து அழுதது. குறை சொல்வதும் தடை. மலசலகூடத்தில் தண்ணீர் வரவில்லை என்றேன், "தண்ணி வந்தால் நல்லாயிருக்கும் எண்டு சொல்லுங்கோ டீச்சர்" என்று அதிபர் திருத்தினார். அப்படியும் சொல்லிப் பார்த்தேன், தண்ணீர் வரவில்லை.

தொடக்க விழாவில் அறிவிப்புச் செய்ய, தரம் பத்து அனுஷியாவைப் பிள்ளைகளே தெரிவு செய்தார்கள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பம், இப்போது கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள், தாய் இராமலெட்சுமி அங்கே ஒரு தையல் கடையில் வேலை. நல்ல குரல். விழாவுக்கு முதல் நாள் யோகேஸ்வரி அவளை நீக்கிவிட்டு வேறு பிள்ளையைப் போட்டார். ஏனென்று கேட்டதற்கு, "அந்தத் தோட்டத்துத் தமிழ் மேடைக்குச் சரிவராது, பெரிய ஆக்கள் வருகினம்" என்றார். மறுநாள் அந்தப் பெரிய ஆட்கள் வந்து நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று பேசினார்கள். அந்தக் குடும்பத்தின் கடைசி வரிசைக் கதிரையிலிருந்து அனுஷியாவும் கைதட்டினாள்.

அதிபரிடம் போனேன், நெகட்டிவாக யோசிக்க வேண்டாம் என்றார். ஆசிரியர் கூட்டத்தில் ஒரு கை பார்ப்பது என்று முடிவெடுத்து, அதை அனுஷியாவிடமும் பெருமையாகச் சொன்னேன். "வேணாம் டீச்சர். நீங்க கேட்டா உங்களுக்குத்தான் பதில் சொல்லுவாங்க. எனக்குச் சொல்ல மாட்டாங்க. நானே கேட்டுக்கிறேன்" என்றாள். எனக்கு முகம் சுருங்கித்தான் போனது, ஆனால் கூட்டத்தில் பேசும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

தாய் அரைநாள் லீவு போட்டு வந்தார். இருவரும் நேரே ஆசிரியர் அறைக்கு வந்தார்கள். "மிஸ், நான் எந்தச் சொல்ல பிழையா சொன்னேன்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்று அனுஷியா கேட்டாள். யோகேஸ்வரி, பிழையென்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு மாதிரி இருக்கும் என்றார். "எந்த மாதிரி, மிஸ்?" என்றாள் பிள்ளை. சத்தம் போடவில்லை, மரியாதை குறையவில்லை, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். நாங்கள் எல்லோரும் கொப்பி திருத்துகிற மாதிரி குனிந்திருந்தோம். கடைசியில் யோகேஸ்வரி, பிழை ஒன்றுமில்லை என்றார். "அத எல்லாப் புள்ளைங்க முன்னாடியும் சொல்லிருங்க டீச்சர்" என்றார் இராமலெட்சுமி. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் யோகேஸ்வரி சொன்னார், சிரிக்காமல்தான் சொன்னார். புன்னகை வாரம் தொடங்கிய பிறகு நான் பார்த்த உண்மையான முகம் அது ஒன்றுதான். இப்போது காலைச் செய்தி வாசிப்பது அனுஷியா, அவளுடைய தமிழ் வெளியே காலி வீதி பஸ் தரிப்பிடம் வரைக்கும் கேட்கிறது.

அதிபர் சும்மா இருப்பாரா. அவளுடைய படத்தைப் பெரிதாக அடித்து, "எங்கள் பொசிட்டிவ் கல்ச்சரின் வெற்றி" என்று வாசலில் தொங்கவிட்டார். இராமலெட்சுமி திரும்பவும் வந்தார். "சேர், மேடையிலருந்து எறக்குறப்பவும் எங்களக் கேட்கல, வாசல்ல ஏத்துறப்பவும் கேட்கல. கழட்டிருங்க" என்றார். கழற்றினார்கள். ஏணியை நான்தான் பிடித்தேன்.

சின்னவளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் மருமகளை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்காதே, நீயும் போ. பிறஷர் குளிசையை மறக்காதே. பிள்ளையார் உங்கள் மூவருக்கும் துணையாக இருக்கட்டும்.

உன் நன்மையையே நினைக்கும்
அம்மா
சுபோதினி