வாடகைக் கார் வேண்டாம் என்றவள்

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று பதினோரு பேருக்குக் கண் சோதனை. கால் வலியோடு மாடிக்கு ஏறினால், அக்கா சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்களைப் பரப்பி வைத்திருக்கிறாள். ஏப்ரலில் ஒன்பது நாள், நான்கு ஊர்: ஏரி, மலை, பழைய கோட்டை, கடைசியில் கடல். அத்தானுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு மூவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை.

"ஊருக்கு ஊர் மாற வாடகைக்குக் கார் எடுத்துடலாம். நீ ஓட்டு. இவரால பஸ் படி ஏற முடியாது" என்றாள்.

பார்க்கலாம் என்றேன். அக்கா அதை 'சரி' என்று எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

நாள் முழுக்க ரயில், பஸ் நேரங்களைத் தேடினேன். 'நிலையத்திலிருந்து விடுதிக்கு ஐந்து நிமிட நடை.' யாருக்கு ஐந்து நிமிடம்? இடது காலை இழுத்து இழுத்து நடக்கும் மனுஷனுக்கா?

அந்த வரியை மட்டும் அக்காவிடம் படித்துக் காட்டவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

ஒரு பெரியவர் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்து வந்திருந்தார். வெளியே காத்திருந்தபோதே பார்த்து வைத்திருக்கிறார். பலகையை மாற்றியதும் பேச்சு நின்றுவிட்டது. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க சார், இதுல என்ன வெட்கம்" என்றேன். என் வாய்க்கு என்ன குறைச்சல்.

மார்ச் 14, சனி

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அத்தானுக்குப் பக்கவாதம் வந்த அன்று அக்கா ஆபீஸ் வேலையாக வெளியூர். காலை ஆறரைக்கு அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே என் வீட்டு வாசலுக்கு வந்தார். வாய் கோணியிருந்தது. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக்குக் காரில் பத்து நிமிடம். அவருடைய கார் வாசலிலேயே நின்றது. லைசன்ஸ் என் பையில் இருந்தது. அவரை வாசற்படியில் உட்கார வைத்துவிட்டு நான் போய்க் காருக்குள் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

அதற்கு மூன்று வருடம் முன்னால் ஒரு கடை வாசலில் காரைப் பின்னால் எடுத்தபோது, குழந்தை வண்டி தள்ளிய ஒரு பெண் சாண் தூரத்தில் தப்பினாள். ஒன்றும் ஆகவில்லை. அவள் திட்டக்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து நான் ஓட்டவே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. என் கடைப்பக்கம் காரை நிறுத்த இடமில்லை, அதனால் பஸ்ஸில் போகிறேன் என்று கதை விட்டேன்.

அந்தக் காலையில் சாவி கையில் இருந்தது. கை மரத்துவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு நிமிடம். பிறகு இறங்கி வந்து, "வண்டி ஸ்டார்ட் ஆகல அத்தான்" என்றேன். அப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வர இன்னும் அரை மணி.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்றார் டாக்டர். 

அக்கா அடுத்த மாதமே அந்தக் காரை விற்றாள். "சனியன் பிடிச்ச வண்டி, என் புருஷன் காலை வாங்கிடுச்சு" என்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். த்தூ.

மார்ச் 19, வியாழன்

ஜெயித்துவிட்டேன். மலைப்பாதை ஆபத்து, தெரியாத ஊர், கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று ஒரு மணி நேரம் பேசினேன். வக்கீலே தோற்றிருப்பான். அக்கா யோசித்துவிட்டு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 9, வியாழன்

ஏரி ஊர். ரயில் வசதியாக இருந்தது. பாத்தியா, கார் தேவையே படலை என்று மூன்று முறை சொன்னேன். ஒரு முறை சொல்லியிருந்தால் போதும்.

ஏப்ரல் 11, சனி

மலைக்குப் பஸ். முதல் படியே முழங்கால் உயரம். அத்தானை இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். "மூட்டைக்கு டிக்கெட் தனியா?" என்று கண்டக்டரிடம் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நான்கு மணி நேரம். வழியில் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார்கள். அவர் எழுந்து, கோலை ஊன்றி, நடுவழியில் கிடந்த பைகளைத் தாண்டுவதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். "பரவாயில்ல, அடுத்த தடவ" என்று உட்கார்ந்துகொண்டார். அடுத்த தடவை வரவில்லை.

இறங்கும்போது பார்த்தேன், வேட்டி நனைந்திருந்தது. அக்கா தன் சால்வையை அவர் இடுப்பில் சுற்றினாள். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர்.

நான் என்ன ஜென்மம்?

ஏப்ரல் 12, ஞாயிறு

அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். விடுதி வராந்தாவில் அத்தானும் நானும். அவர்தான் ஆரம்பித்தார், குரலை உயர்த்தாமல்.

"வண்டி ரிப்பேரா இருந்தா சாவி திருப்பும்போது ஒரு சத்தமாவது வரும்மா. நான் வாசப்படியிலதான உக்காந்திருந்தேன். ஒரு சத்தமும் வரல."

 ஏன் அக்காவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லி? புருஷனுக்கு ஒரு கால் போச்சு. தங்கச்சியும் போகணுமா அவளுக்கு?"

"என் மேல கோவமே இல்லையா?"

"இருக்கு. அன்னிக்கு நீ பயந்துட்ட, அது மனுஷங்களுக்கு வர்றதுதான். ஆனா இந்தத் தடவ பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, டிரைவரோட கார் எடுத்திருப்போம். நேத்து அந்த பஸ்ல எனக்கு அப்படி ஆகியிருக்காது."

உண்மைதான். முதல் தடவை என் கை செய்தது. இந்தத் தடவை நானே தெரிந்து செய்தது. எழுதும்போதே முகம் எரிகிறது.

ஏப்ரல் 13, திங்கள்

காலையில் அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எத்தனை நிமிஷம்?"

"பன்னிரண்டு."

மீதித் துணியையும் மடித்து முடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "கீழ டிரைவரோட கார் கெடைக்குதாம். நாங்க ரெண்டு பேரும் அதுல கோட்டைக்குப் போறோம். நீ ஊருக்குப் போ" என்றாள்.

கார் கிளம்பும்போது அத்தான் கை அசைத்தார். அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

வந்துவிட்டார்கள். மேலே நடமாட்டம் கேட்கிறது. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட நான் யார்.

மே 6, புதன்

டிரைவிங் ஸ்கூல். சொல்லிக்கொடுக்கும் அம்மா என் லைசன்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு எதற்கு வந்திருக்கிறீர்கள் என்றார்.

"பயமா இருக்குங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. அவர் சிரிக்கவில்லை. சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ளச் சொன்னார்.

மே 29, வெள்ளி

காலி மைதானத்தில் ரிவர்ஸ். அழுதேன். மறுபடி எடுத்தேன்.

ஜூன் 22, திங்கள்

அத்தான் படியிறங்கி வந்தார். நாளைக்குப் பக்கத்து ஊர் டாக்டரிடம் போகவேண்டுமாம். "ஒரு நாளைக்குக் கார் வாடகைக்கு எடுக்கிறேன். ஓட்டுவியா? பயமா இருந்தா சொல்லிடு, டிரைவரைக் கூப்பிடறேன்."

பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஓட்டுகிறேன் என்றேன். அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். 

ஜூன் 23, செவ்வாய்

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். அத்தான் முன்னால். அக்கா இறங்கி வந்து, என் பக்கம் பார்க்காமல் பின் சீட்டில் உட்கார்ந்தாள். உள்ளங்கை வேர்த்து வேர்த்து வழிந்தது. துடைத்துத் துடைத்து ஓட்டினேன்.

பெரிய சாலைக்குள் திரும்பும் இடத்தில் கால் பிரேக்கிலேயே நின்றுவிட்டது. பின்னால் ஹாரன். 

"வலப்பக்கம் லாரி வருது. அது போகட்டும், அப்புறம் எடு."

அக்காதான். எழுபத்தோரு நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

லாரி போனது. எடுத்தேன்.