வேர்முடிச்சுக்குப் போட்ட மருந்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமா இருக்கணும். நாங்களும் சுகம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரலை. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கார். பதறாதே, கண் முழிச்சுட்டார். போன்ல சொன்னா பக்கத்துல படுத்திருக்கிற அப்பா காதுல விழும், அதான் எழுதுறேன்.

மாட்டுத் தீவனத்துக்குன்னு குதிரைமசால் போட்டோமே, ஒருதரம் விதைச்சா வருசக்கணக்கா அறுக்கலாம்னு, அது இந்த வருசம் மஞ்சளாப் போச்சு. அப்பா ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தா வேரெல்லாம் கடுகு மாதிரி சின்னச் சின்ன உருண்டை. உரக்கடைக்காரர்கிட்ட வேர்ல முடிச்சு இருக்குன்னு சொல்லியிருக்கார். அவர் செடியைப் பார்க்கவே இல்லை, வேர்முடிச்சா, அது மண்ணுல இருந்து வேரைத் துளைக்கிற நூற்புழு வேலைன்னு அதைக் கொல்ற குருணை மருந்தைக் கொடுத்துட்டார். உன் அப்பாவைத் தெரியாதா, கையுறை போடுங்கன்னா நான் என்ன மாப்பிள்ளை ஊர்வலமா போறேன்னு கேட்கிற மனுசன். கொளுத்துற வெயில்ல வெறுங்கையால பாதி வயலுக்குத் தூவிட்டு அதே கையால முகத்தைத் துடைச்சிருக்கார். நான் தண்ணி கொண்டு போறேன், வரப்புல உட்கார்ந்திருக்கார், வாயில எச்சில் ஒழுகுது, என்னைப் பார்த்து உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறார். நல்லவேளை பால் வண்டிக்காரர் வந்தார், கேன்களுக்கு நடுவுல படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போனோம், வழியெல்லாம் மூக்குகிட்ட கையை வச்சுப் பார்த்துக்கிட்டே போனேன்.

விஷம் முறிய ஊசி போட்டாச்சு, ஆனா மறுபடி மூச்சுத் திணறலாம், கவனிச்சுக்கிட்டே இருங்கன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிட்டார். அடுத்த கட்டில்காரர் இருமினாக்கூட எழுந்து அப்பா நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்க்கிறேன்.

நேத்து நர்ஸ்கிட்ட அப்பாவைப் பார்த்துக்கச் சொல்லிட்டு மாட்டைப் பார்க்கப் போனேன், அப்போ வேளாண்மை ஆபீஸ் அம்மா வயலுக்கு வந்தாங்க. ஒரு முடிச்சை நகத்தால கிள்ளினாங்க, உள்ளே ரோஸ் கலர். இது நோயே இல்லைம்மா, காத்துல இருந்து செடிக்குச் சத்து எடுத்துக் கொடுக்கிறதே இந்த முடிச்சுதான், நீங்க ஓயாம ஒட்ட அறுத்ததுல பாதி முடிச்சு வாடித்தான் செடி மஞ்சளாச்சு, கொஞ்சம் விட்டிருந்தா தழையோட முடிச்சும் புதுசா வந்திருக்கும்னாங்க. மருந்து தூவின பாதியை மாடு வாய் வைக்கக்கூடாதாம், சுத்திக் கயிறு கட்டியிருக்கேன், இருந்தும் யார் வீட்டு ஆடாவது நுழைஞ்சிடுமோன்னு பயம்.

உன்னை வான்னு சொல்லவும் பயமா இருக்கு, வராதேன்னு சொல்லவும் பயமா இருக்கு. நீயே யோசிச்சுக்கோ. அப்பாகிட்ட பேசும்போது மட்டும் வயல் பேச்சை எடுத்துடாதே. இன்னிக்குக் காலையில தெளிஞ்சதும் முதல்ல கேட்டது, புழு செத்துச்சான்னுதான். செத்துச்சுன்னு சொன்னேன். நிம்மதியா கண்ணை மூடினார். மூடினதும் எனக்குப் பயம் வந்து தட்டி எழுப்பிட்டேன்.

நீங்க ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம நல்லா இருக்கணும்.

ஆசீர்வாதத்தோட,
உன் அம்மா